கூட வர ஓர் ஆள்

எங்கள் கிளினிக்கில் ஒரு விதி இருக்கிறது. கெற்றமின் மருந்து ஏற்றுகிற நாளில் நோயாளியோடு ஓர் ஆள் கட்டாயம் வர வேண்டும். மருந்து இறங்கி முடியும்வரை வெளியே மர வாங்கில் காத்திருந்து, பிறகு ஓட்டோ பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போய், அடுத்தநாள் விடியும்வரை அந்த வீட்டிலேயே நிற்க வேண்டும். ஆள் இல்லையென்றால் மருந்தும் இல்லை. இந்த விதியை எழுதினவர் யாழ்ப்பாணத்துக்கு ஒருநாளும் வந்திருக்க மாட்டார். இங்கே பிள்ளைகள் கனடாவில், சகோதரங்கள் சுவிஸில், அயலட்டை கேற்றைப் பூட்டிக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால். நோய் வருத்தத்தைவிட ஆள் தேடுகிற கரைச்சல்தான் பெரிது என்று டொக்டர் பிறேமோடு நான் எத்தனையோ தரம் சண்டை பிடித்திருக்கிறேன். அவர் சிரித்துவிட்டு, "விதி விதிதான், மிசி" என்பார்.

நான் ஹன்னா. உடுவில் ஆள். ஆஸ்பத்திரியின் மனநல விடுதியில் தாதியாக, இங்கே சொல்வதுபோல் மிசியாக, இருக்கிறேன். எனக்கு வாய் நீளம் என்று நோயாளிகளைப் பார்க்க வருகிற சொந்தக்காரர் முறையிட்டிருக்கிறார்கள். முறையிடட்டும். தாயைக் கொண்டுவந்து விட்டுவிட்டு ரெலிபோன் நம்பரைப் பிழையாகத் தந்துவிட்டுப் போகிறவர்களோடு வேறு எப்படிக் கதைப்பது?

கெற்றமின் புது மருந்து இல்லை. அறுவைச் சிகிச்சையில் மயக்கத்துக்குப் பாவிக்கிற பழைய மருந்துதான். அதையே மிகக் குறைந்த அளவில் சேலைனோடு மெதுவாக ஏற்றினால், மாத்திரைகளுக்கு அசையாத மனச்சோர்வு சிலருக்கு இளகுகிறது. எல்லோருக்கும் இல்லை. ஏறும்போது உடம்பு மிதக்கும், அறை தூரப் போகும், சிலர் அழுவார்கள், சிலர் கதைப்பார்கள். வெளிநாடுகளில் போருக்குப் போய்த் திரும்பிய படைவீரர்களுக்குக் கொடுக்கிறார்களாம். எங்கள் ஊரிலும் போருக்குப் போய்த் திரும்பியவர்கள் இருக்கிறார்கள்தானே. அவர்களைப் படைவீரர் என்று சொல்ல ஒருவரும் இல்லை, அவ்வளவுதான்.

சிவகௌரி அப்படித் திரும்பிய ஒருத்தி. பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். எழுதலாமா என்று கேட்டபோது, "எழுதுங்கோ மிசி, ஆர் வாசிக்கப் போகினம்" என்றாள்.

போன மாரியில் ஒரு வயதான அம்மா அவளை இணுவிலில் இருந்து ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். நாற்பத்தைந்து வயதுக்காரி, எலும்பும் தோலுமாய், உதடெல்லாம் வெடித்து, கண் திறந்திருந்தும் ஒன்றையும் பாராமல் கிடந்தாள்.

"நீங்கள் தாயோ?" என்று கேட்டேன்.

"இல்லை மிசி. பக்கத்து வளவு. நாகேஸ்வரி எண்டு பேர். கொஞ்ச நாளாய் இவளின்ரை அடுப்புப் புகையேல்லை. கூப்பிட்டும் சத்தமில்லை. நான் வேலிக் கிடுகைப் பிரிச்சுக்கொண்டு உள்ளுக்குப் போனன். போனால், கட்டிலோடை கிடக்கிறாள். தண்ணி கூடக் குடிக்கேல்லை."

"சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லையோ?"

"அண்ணை சுவிஸிலை. வீடு கட்டிக் குடுத்தவர்." சிறிது யோசித்துவிட்டுச் சொன்னார்: "நல்ல வீடு."

நாகேஸ்வரி அம்மா பிறகு நாள் தவறாமல் வந்தார். பெரும்பாலும் இடியப்பமும் சொதியும். ஊட்டிவிட்டு, வாயைத் துடைத்துவிட்டு, தலையை வாரிவிட்டுப் போவார். விடுதியில் இருந்த மற்றவர்களுக்கெல்லாம் அவள் மேல் பொறாமை. பெற்ற பிள்ளைகளே இப்படி வருவதில்லை. ஆனால் ஒன்றை நான் கவனித்தேன். அந்த அம்மாவின் கையில் இருந்து வாங்கும்போது சிவகௌரி கண்ணை மூடிக்கொள்வாள். விழுங்குவதற்கு மிகவும் சிரமப்படுவாள். தொண்டையில் ஏதும் கோளாறோ என்று டொக்டரிடம் காட்டினேன். தொண்டையில் ஒன்றுமில்லை.

கதை மெல்ல மெல்லத்தான் வந்தது. பதினெட்டு வயதில் இயக்கத்துக்குப் போனவள். தானாகத்தான் போனாள். மருத்துவப் பிரிவில் விட்டார்கள். கடைசிவரை வன்னியில், அறுவைச் சிகிச்சை மேசைகளுக்குப் பக்கத்தில் நின்றாள். எல்லாம் முடிந்த பிறகு முட்கம்பி, புனர்வாழ்வு முகாம், தையல் பயிற்சி, ஒரு சான்றிதழ். ஊருக்கு வந்தபோது தாயும் தகப்பனும் இல்லை. ஒரு மிளகாய்த்தூள் ஆலையில் தூள் பொதி செய்கிற வேலை கிடைத்தது. ஆரம்பத்தில் சிவில் உடுப்பில் ஆட்கள் வந்து, யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று அயலில் விசாரித்தார்கள். அதோடு அயல் வருவதை நிறுத்தியது. கலியாண வீட்டுக்காரர் அந்த ஒழுங்கை முழுக்க அழைப்புக் காட் கொடுத்துக்கொண்டு போவார்கள். அவளுடைய கேற்றைத் தாண்டும்போது சைக்கிள் மிதி கொஞ்சம் வேகமாகும். அவள் விறாந்தையில் இருந்து பார்ப்பாளாம். கோபம் வரவில்லை என்று சொன்னாள். எனக்கு வந்தது.

மாத்திரைகள் மாறி மாறிக் கொடுத்தோம். சரிவரவில்லை. கொஞ்சம் சாப்பிட்டாள், கொஞ்சம் நடந்தாள், வீட்டுக்கு விட்டோம், திரும்பவும் கட்டில். இனி ஒருமுறை இப்படிக் கிடந்தால் ஆளைக் காப்பாற்ற முடியாது என்று டொக்டர் பிறேம் என்னிடம் தனியாகச் சொன்னார். அவளுக்கும் ஒளிக்காமல் சொன்னார். பிறகு, "கெற்றமின் எண்டு ஒரு மருந்து இருக்கு" என்று தொடங்கினார்.

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டேன்.

"ஏன் சிரிக்கிறீங்கள்? கேள்விப்பட்டிருக்கிறீங்களோ?"

"நான்தான் டொக்டர் அதைக் குடுக்கிறது. வன்னியிலை எனக்கு அதுதான் வேலை."

டொக்டர் பேனையை மேசையில் வைத்தார். பிறகு விதியைச் சொன்னார். கூட வர ஓர் ஆள் வேண்டும். நான் முந்திக்கொண்டு, "அதுக்கென்ன, நாகேஸ்வரி அம்மா இருக்கிறாதானே. கேட்காமலே வருவா" என்றேன்.

"இல்லை மிசி. அவ வேண்டாம். நான் வேறை ஆளைப் பாக்கிறன்" என்றாள்.

வேறு ஆளைத்தான் தேடினாள். நடக்கவே தெம்பில்லாதவள், பஸ் ஏறித் தேடினாள். முதலில் உடுவிலில் இருக்கிற சின்னம்மாவின் மகள் அருந்ததி. அருந்ததி தேத்தண்ணீர் கொடுத்து, நன்றாகக் கதைத்துவிட்டு, "இவர் அரசாங்க உத்தியோகமெல்லோ அக்கா. உன்ரை வீட்டிலை வந்து நிண்டதெண்டு ஆரும் மேலிடத்துக்கு எழுதிப் போட்டால், பேந்து எங்களுக்குத்தானே கரைச்சல்" என்றாளாம். போர் முடிந்து எவ்வளவு காலம்! எனக்கு அந்த அருந்ததியின் வீடு தெரியும். ஞாயிறு கோயிலுக்குப் போகும்போது அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை இப்போது.

பிறகு உடுப்பிட்டிக்குப் போனாள். அங்கே கஜானி இருந்தாள். இரண்டு பேரும் ஒரே பதுங்குகுழியில் ஒரே சாரத்தைப் போர்த்திக்கொண்டு படுத்தவர்கள். சிவகௌரி கேற்றடியில் நின்று கூப்பிட, கஜானி வெளியே வந்தாள். பின்னால் மாமியாரும் வந்தாள்.

"ஆர் வேணும்?" என்று கேட்டாள் கஜானி.

வன்னியில் இருந்த காலமெல்லாம் பாலர் பாடசாலையில் படிப்பித்ததாகச் சொல்லித்தான் கஜானிக்குக் கலியாணம் பேசினார்கள். அது சிவகௌரிக்குத் தெரியும். அவ்வளவு கவனமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறாள் என்பதுதான் தெரியாது. "தையல் வகுப்பெண்டு சொன்னவை. வீடு மாறி வந்திட்டன் போலை" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். "வெயிலுக்கை வந்தனீங்கள், தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ அக்கா" என்று கஜானி ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். நீட்டும்போது செம்போடு சேர்த்து இவளுடைய விரல்களை இறுக்கிப் பிடித்தாளாம். மாமியார் பார்த்துக்கொண்டு நின்றபடியால் உடனே விட்டுவிட்டாள்.

இதைக் கேட்டதும் எனக்குப் பொறுமை போய்விட்டது. "உனக்கு விசரோ பிள்ளை? உன்னைத் தெரியாதெண்டு சொல்லுறவளிட்டையெல்லாம் போறாய். உனக்காக வேலியைப் பிரிச்சுக்கொண்டு வந்த மனிசி பக்கத்து வளவிலை இருக்கிறா. அவவிலை உனக்கென்ன பிழை?"

"அவவிலை ஒரு பிழையும் இல்லை" என்றாள். பிறகு சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

புனர்வாழ்வு முடிந்து அவள் வீட்டுக்கு வந்ததும் காணாமல் போன பிள்ளைகளின் தாய்மார் படையாக வந்திருக்கிறார்கள். எல்லோர் கையிலும் ஒரு படம். மருத்துவப் பிரிவில் இருந்தவள், கனபேரைக் கண்டிருப்பாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஏறாத பஸ் ஏறி, கேளாத இடமெல்லாம் கேட்டு வந்தவர்கள். "தெரியாது அம்மா" என்று எல்லோருக்கும் சொன்னாள். உண்மையாகவே தெரியாத முகங்களும் இருந்தன. தெரிந்தவையும் இருந்தன. யாருக்கும் சொல்ல வாய் வரவில்லை. கடைசியாக வந்தவர் நாகேஸ்வரி. தொண்ணூற்றைந்தில் இடம்பெயர்ந்து வன்னியில் இருந்து, போர் முடிந்துதான் ஊருக்குத் திரும்பியவர். ஒரே மகன் கஜீவனைக் கடைசி வருசத்தில் இயக்கம் பிடித்துக்கொண்டு போனது. பத்தொன்பது வயது. படத்தை நீட்டிக்கொண்டு, "ஒண்டும் சொல்லாட்டிலும் பரவாயில்லை பிள்ளை, ஒருக்கால் பார்" என்றார்.

சிவகௌரி பார்த்தாள்.

"கண்டனான் மாமி" என்று சொல்லிவிட்டாள். "காயம் ஒண்டும் இல்லை. கடைசி நாள் சனத்தோடை சனமாய் ஆமிப் பக்கம் நடந்து போனவன்."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே இன்றுவரை தெரியாது. தெரியாது என்று சொல்லிச் சொல்லி வாய் களைத்துப் போயிருந்தது என்றாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நாகேஸ்வரி அம்மா காத்திருக்கத் தொடங்கினார். காணாமல் ஆக்கப்பட்டோரின் போராட்டப் பந்தலில் போய் இருந்தார். மரணச் சான்றிதழ் தருகிறோம் என்று வந்தவர்களைக் கலைத்துவிட்டார். மகனுக்குக் கிரியை செய்யச் சொன்ன தமையனோடு பேச்சை விட்டார். வழியில் கண்டவர்களுக்கெல்லாம், "இவள்தான் என்ரை பிள்ளையைக் கடைசியாய்க் கண்டவள்" என்று சிவகௌரியைக் காட்டினார். அயல் முழுக்க ஒதுக்கி வைத்தவளுக்கு நாள்தோறும் வேலிக்கு மேலால் ஒரு கிண்ணம் நீட்டினார். கஜீவனுடைய பிறந்தநாளுக்குப் பாயசமும் வடையும் வரும். இவள் வாங்கிச் சாப்பிட்டாள். அவ்வளவு காலமும் சாப்பிட்டாள்.

"அந்த மருந்து ஏறினால் ஆக்கள் கதைப்பினம் மிசி. நான் கேட்டுக்கொண்டு நிண்டனான். அம்மாவுக்குச் சொல்லாதது, ஆருக்கும் சொல்லாதது எல்லாம் வரும். எனக்கு என்ன வரும் எண்டு எனக்குத் தெரியும்."

"இது கொஞ்ச மருந்து பிள்ளை. அவ வெளியிலை இருப்பா, கேளாது" என்று நான் சமாதானம் சொன்னேன். அன்று வீட்டுக்குப் போய் நானும் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த கிழமை கிளினிக்குக்கு வந்து, "நாகேஸ்வரி மாமியைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

வந்தார்கள். நாகேஸ்வரி அம்மா நல்ல சீலை உடுத்தி, பையில் புட்டும் ஒரு போத்தல் தேத்தண்ணீரும் கொண்டுவந்திருந்தார். "மருந்து முடிஞ்ச கையோடை சாப்பிடக் குடுக்கலாமோ மிசி? வெறும் வயித்தோடை வந்திருக்கிறாள்" என்றார். நான் சிவகௌரியைக் கட்டிலில் இருத்தி, பிறஷர் பார்த்து, கையில் ஊசியைப் போட்டுவிட்டேன். சேலைனை இணைக்கப் போனபோது என் கையைத் தடுத்தாள்.

"மாமியை ஒருக்கால் உள்ளுக்கு வரச் சொல்லுங்கோ. மருந்து சொல்ல முதல் நான் சொல்லோணும்."

அவர் பையோடு வந்து நின்றார். சிவகௌரி ஊசி போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து இருந்தாள்.

"மாமி, நான் உங்களுக்குப் பொய் சொன்னனான். கஜீவன் நடந்து போகேல்லை. எங்களிட்டைத்தான் தூக்கிக்கொண்டு வந்தவை. வயித்திலை காயம். எங்கடை மேசையிலைதான் முடிஞ்சவன். நான் பக்கத்திலை நிண்டனான்."

அந்த அம்மா விழுந்தால் பிடிப்பதற்காக நான் கிட்டப் போய் நின்றேன். விழவில்லை.

"எப்ப?" என்று கேட்டார்.

"சித்திரை. வருசப்பிறப்புக் கழிஞ்சு."

"எங்கை வைச்சனீங்கள்?"

"தெரியாது மாமி. அண்டைக்கே நாங்களும் இடம் மாறினம்."

நாகேஸ்வரி அம்மா திரும்பி வாசலுக்குப் போனார். டொக்டர் பிறேம், "இண்டைக்கு நிப்பாட்டுவம் மிசி" என்று மெதுவாகச் சொன்னார். அது அந்த அம்மாவுக்குக் கேட்டுவிட்டது.

"ஏன் நிப்பாட்டுறீங்கள்?" என்றார் வாசலில் நின்றபடி. "கூட வந்த ஆள் நான்தானே. நான் எங்கையும் போகேல்லை. ஏத்துங்கோ."

ஏற்றினோம். சிவகௌரி ஒரு சொல்லும் கதைக்கவில்லை. கண்ணோரத்தால் வடிந்துகொண்டே இருந்தது. வெளியே நாகேஸ்வரி அம்மா வாங்கில் அசையாமல் இருந்தார். புட்டுப் பையை எங்கள் சிற்றூழியரிடம் கொடுத்துவிட்டார். முடிந்ததும் ஓட்டோவில் கூட்டிப்போனார். அவள் வீட்டு விறாந்தையில் கதிரையைப் போட்டு விடியும்வரை இருந்துவிட்டு, வெளிச்சம் கண்டதும் எழும்பிப் போனாராம். ஒரு வார்த்தை இல்லை.

அதன்பிறகு ஒவ்வொரு தவணைக்கும் வந்தார். அந்த ஓட்டோவில் இரண்டு பேரும் இரண்டு கரையில் இருந்துதான் வருவார்கள். வாங்கில் இருப்பார், கூட்டிப்போவார், விறாந்தையில் காவல் இருப்பார், போவார். கதை இல்லை. வேலிக்கு மேலால் கிண்ணம் வருவது நின்றுவிட்டது. கிடுகு பிரித்த இடத்தில் புதுக் கிடுகு வைத்துக் கட்டியாயிற்று. போராட்டப் பந்தலுக்கும் அவர் போகவில்லை. கிரியையும் செய்யவில்லை.

மருந்து வேலை செய்தது. அதையும் சொல்லத்தானே வேண்டும். ஒருநாள் சிவகௌரி வந்து, "மிசி, காலமை எழும்பினவுடனை பல்லுத் தீட்டோணும் போலை இருந்தது" என்றாள். கேட்கிறவர்களுக்கு இது ஒரு விசயமா என்று தோன்றும். நானும் டொக்டரும் அன்று சந்தோசத்தில் கன்ரீனில் ரோல்ஸ் வாங்கிச் சாப்பிட்டோம். பிறகு தானாகச் சமைத்தாள். ஆலைக்கு அரை நாள் வேலைக்குப் போனாள். ஆனால் முகம் தெளியத் தெளிய வேறொன்று அதில் ஏறிக்கொண்டு வந்தது.

"முந்தித் தனிய இருக்கிறது தெரியாது மிசி" என்றாள். "இப்ப நல்லாய்த் தெரியுது. பின்னேரத்திலை அங்காலை மாமி பாத்திரம் கழுவுற சத்தம் கேக்கும். நான் இங்காலை நிண்டு கேட்டுக்கொண்டு இருப்பன்."

என்னால் பொறுக்க முடியவில்லை. வாங்கில் இருந்த நாகேஸ்வரி அம்மாவிடம் நேரே போனேன். "அம்மா, அந்தப் பிள்ளையோடை ஒரு சொல்லுக் கதைச்சால் நீங்கள் என்ன குறைஞ்சு போவியளோ?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இருக்கவில்லை.

"என்னத்தைக் கதைக்கிறது மிசி? இவ்வளவு காலமும் அவளோடை என்ரை பிள்ளையைப் பற்றித்தானே கதைச்சனான். வேறை கதை எனக்குத் தெரியாது."

"அப்ப ஏன் வாறீங்கள்?"

"நான் வராட்டி அவளுக்கு மருந்து ஏத்த மாட்டியள்தானே."

நான் சண்டையை விட்டுவிட்டு உள்ளே போனேன். என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள்.

கடைசித் தவணை ஆடி மாதத்தில் வந்தது. சிவகௌரி கட்டிலில் சாய்ந்து கையை நீட்டியிருந்தாள். நான் மருந்தைச் சேலைனில் கலந்து தொங்கவிட்டு, குழாயை இணைத்துவிட்டுத் திரும்பினால், நாகேஸ்வரி அம்மா வாசலில் நிற்கிறார். ஒருவரும் கூப்பிடவில்லை. மெதுவாக உள்ளே வந்து, தொங்குகிற போத்தலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உதுதானோ அங்கை பெடியளுக்குக் குடுக்கிறது?" என்று கேட்டார். என்னிடம் இல்லை. அவளிடம்.

சிவகௌரி திடுக்கிட்டுப்போனாள். "ஓம் மாமி. உதுதான்."

"உது ஏத்தினால் காயத்தின்ரை நோ தெரியாதோ?"

"தெரியாது மாமி."

"கஜீவனுக்கு ஏத்தினனீயோ?"

ஆண்டவரே, ஓம் என்று சொல்லிவிடட்டும் என்று நான் மனதுக்குள் மன்றாடினேன். ஒரு சொல்தானே. பொய்யென்றால்தான் யாருக்கு என்ன நட்டம்? அந்தக் கிழவி இனி எத்தனை காலம் இருக்கப் போகிறார்?

சிவகௌரி அவருடைய முகத்தைப் பார்த்தபடியே சொன்னாள். "இல்லை மாமி. அண்டைக்கு மருந்து முடிஞ்சு போச்சு. ஒண்டும் இருக்கேல்லை. நான் கையைத்தான் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

நாகேஸ்வரி அம்மா கட்டில் சட்டத்தைப் பிடித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இவளுக்குக் குறைச்சு ஏத்திப் போடாதேங்கோ, மிசி."

சொல்லிவிட்டு வெளியே போனார். நான் குழாயைத் திறந்துவிட்டேன். மருந்து சொட்டத் தொடங்கி, சிவகௌரியின் கண் மெல்லச் சொருகுகிற நேரத்தில் வெளியே வாங்கில் அழுகை தொடங்கியது. "என்ரை ஐயா, என்ரை ராசா" என்று செத்தவீட்டில் அழுகிற மாதிரி, வாய்விட்டு, பெயர் சொல்லிச் சொல்லி அழுதார். மருந்து ஏறும்போது அறை அமைதியாக இருக்க வேண்டும் என்பதும் எங்கள் விதிதான். கதவைச் சாத்துவதற்காகத் திரும்பினேன்.

"சாத்தாதேங்கோ மிசி" என்றாள் சிவகௌரி.